மேடையில் ஒரே ஆள், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா... பேக்கிங் ட்ராக் வைத்துப் பாடும்போது எங்கே சொதப்புகிறது?

புதுச்சேரியிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் வடக்கே போய், ஆரோவில் சாலையில் திரும்பினால் வருவது குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கிறது. இங்கிருந்து மரக்காணம் உப்பளம் வரையிலான கரையோரத்தில் கஃபே, விருந்தினர் விடுதி, ரிசார்ட் என வெளியூர்க்காரர்கள் வந்து உட்காரும் இடங்களும் உண்டு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில்களும் உண்டு. இரண்டு இடத்துக்கும் பாட்டு வேண்டும். ஆனால் கஃபேயில் ஆறு பேர் கொண்ட குழுவை நிறுத்த இடம் இருக்காது. கோயில் கமிட்டிக்கோ பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அதனால் ஒரு பாடகர், ஒரு மைக், ஒரு லேப்டாப் அல்லது போன் என்று கச்சேரி சுருங்கிவிடுகிறது. இசை முழுக்க ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டது. பாட்டு மட்டும்தான் அந்த நேரத்தில் பிறக்கிறது.

இதைத்தான் பேக்கிங் ட்ராக் என்கிறார்கள். நம் ஊர் மேடைகளில் 'கரோக்கி', 'மைனஸ் ஒன்' என்று சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். (சினிமாவில் 'ட்ராக் பாடுவது' என்பது வேறு. அது பெரிய பாடகர் வருவதற்கு முன் மாதிரிக்காக ஒருவர் பாடி வைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பார்க்க ரொம்ப ஈஸியாகத் தெரியும். பட்டனைத் தட்டினால் இசை வருகிறது, கூடவே பாட வேண்டியதுதானே? ஆனால் மேடையில் பெரும்பாலும் சொதப்புவதும் இந்த வகைக் கச்சேரிதான். காரணம் ஒன்றுதான். ட்ராக்குக்குக் காது கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து தபலா வாசிப்பவர் பாடகரின் மூச்சைக் கவனிப்பார். ஒரு வரியைத் தவறவிட்டால் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துக் காத்திருப்பார். கூட்டம் விசில் அடித்தால் கொஞ்சம் இழுப்பார். ட்ராக் இது எதையும் செய்யாது. நீங்கள் இருமினாலும், மைக் செத்துப் போனாலும், கரண்டே போனாலும் அது பாட்டுக்கு ஓடும். பக்கவாத்தியக்காரர் மேடையில் செய்யும் அத்தனை அனுசரிப்பையும், தனியாகப் பாடுபவர் வீட்டிலேயே முன்கூட்டிச் செய்து முடித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லா விஷயமும் அந்த வேலையைப் பற்றியதுதான்.

கரோக்கி பிறந்த கதை

கரோக்கி இயந்திரம் 1971இல் ஜப்பானின் கோபே நகரத்தில் பிறந்தது. உருவாக்கியவர் இனோவே டைசுகே. இரவு விடுதிகளில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துக் கொடுப்பது அவர் தொழில். வாடிக்கையாளர்களில் ஒரு நிறுவன முதலாளி, தன் ஊழியர்களோடு சுற்றுலா போகிறேன், அங்கே பாட வேண்டும், நீயும் வா என்று கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த முதலாளியின் பாட்டுக்கு ஏற்றபடி இசையை ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அதன் பிறகுதான் காசு போட்டால் இசை ஓடும் பெட்டி வந்தது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. 2004இல் அவருக்குக் கிடைத்தது இக் நோபல் அமைதிப் பரிசு. ஆராய்ச்சி உலகத்தின் கிண்டல் பரிசு அது.

இதில் கவனிக்க வேண்டியது, கதையில் வரும் முதல் நாடா ஒரு குறிப்பிட்ட மனிதருக்காகத் தயாரானது என்பது. இன்றைக்கு யூடியூபில் கிடைக்கும் கரோக்கி யாருக்காகவும் தயாரானது இல்லை. மூலப் பாட்டின் ஸ்ருதி, மூலப் பாட்டின் வேகம், அவ்வளவுதான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு மேடையேறுவது, அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி.

நம்மிடம் இது புதுசா?

இல்லை. நாகஸ்வரக் கச்சேரியில் 'ஒத்து' என்று ஒரு குழல் உண்டு. ராகம் வாசிக்காது. ஒரே ஸ்ருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கென்றே ஒருவர் நிற்பார். பின்னாளில் அந்த இடத்தைப் பல மேடைகளில் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. 1979இல் பெங்களூருவைச் சேர்ந்த ஜி.ராஜ் நாராயணின் ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்பூராவைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதே வேலையைப் போன் ஆப் செய்கிறது. சபாக்களில் யாரும் இதைக் கரோக்கி என்று சொல்வதில்லை. ஆனால் பாடுபவருக்குப் பின்னால் ஓர் இயந்திரம் தொடர்ந்து ஒலிக்கிறது என்ற அளவில் இதுவும் அதே குடும்பம்தான்.

இதற்கு யாரும் முகம் சுளிக்காததற்குக் காரணம் இருக்கிறது. கச்சேரி முழுக்க மாறாமல் இருக்க வேண்டிய ஒன்றை மட்டுமே அங்கே இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்க வேண்டிய தாளமும் கற்பனையும் மனிதர்களிடம் இருக்கின்றன. மெல்லிசை மேடையிலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

ட்ராக்கில் எதை வைப்பது, எதை எடுப்பது?

முதலில் எடுக்க வேண்டியது, நீங்கள் மேடையில் செய்யப்போகிற வேலை. கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர் ட்ராக்கிலும் கிட்டாரை வைத்திருந்தால், அவர் கையில் இருப்பது வெறும் அலங்காரப் பொருள். அவர் வாசிப்பதை நிறுத்தினாலும் சத்தம் மாறாது, கூட்டத்துக்கு அது ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். பாட்டின் மெட்டைப் புல்லாங்குழலிலோ கீபோர்டிலோ கூடவே வாசித்துக் காட்டும் 'கைடு மெலடி' உள்ள ட்ராக்குகளும் இருக்கின்றன. பயிற்சிக்கு நல்லது. மேடையில் ஒரு சங்கதி மாற்றிப் பாடினால் அது உங்களோடு சண்டை போடும்.

டிரம்ஸ், பேஸ், பின்னால் மெல்லியதாகப் பரவும் ஸ்ட்ரிங்ஸ் இருந்தால் பெரும்பாலான பாட்டுக்குப் போதும். இன்டர்லூடில் வயலின் கூட்டமாக வந்து போகும் பாடல்களில் அதை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் கீழே ஆட்கள் குறைவாக இருப்பது நல்லது. குரல் நிற்க இடம் வேண்டும்.

அடுத்தது தொகையறா. பழைய பாடல்களில் தாளத்துக்குள் அடங்காமல், பாடகர் இஷ்டத்துக்கு நிறுத்தி நிறுத்திப் பாடிவிட்டுப் பிறகு பல்லவிக்குள் நுழைவது வழக்கம். ரெடிமேட் கரோக்கியில் இந்த இடம்தான் கண்ணிவெடி. மூலப் பாடகர் எங்கே எத்தனை நொடி நிறுத்தினாரோ அதே இடைவெளிதான் ட்ராக்கில் இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு பாடினால் தொகையறாவின் சுகமே போய்விடும். இதற்கு எளிய வழி, ட்ராக்கை இரண்டாக வெட்டுவது. முதல் துண்டில் ஸ்ருதி மட்டும், தேவையான அளவு நீளமாக. பாடி முடித்ததும் காலால் மிதிக்கும் பெடலைத் தட்டினால் தாளத்தோடு இரண்டாவது துண்டு தொடங்கும். போனோடு ப்ளூடூத்தில் சேரும், பக்கம் புரட்டும் பெடல்கள் இருக்கின்றன. பல ஆப்களில் அவற்றையே இதற்குப் பயன்படுத்தலாம்.

முடிவையும் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுகளில் பல பாடல்கள் முடிவதே இல்லை, மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். மேடையில் அப்படி முடிந்தால் எப்போது கைதட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியாது, பாடகரும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். கடைசிப் பல்லவிக்குப் பிறகு ஒரு தட்டோடு நிற்கும்படி வெட்டி ஒட்டிக்கொள்வது பத்து நிமிட வேலை.

கட்டையைக் குறைப்பதில் ஒரு சிக்கல்

மூலப் பாடலின் ஸ்ருதி எல்லோருக்கும் ஒத்துவராது. கரோக்கி ஆப்பில் கூட்டல், கழித்தல் பட்டன் இருக்கும். ஒரு தட்டு என்பது அரை ஸ்வரம். இங்கேதான் பலருக்குக் குழப்பம். நம் கணக்கில் ஒரு கட்டை என்றால் கீபோர்டில் சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி. ஒரு கட்டையிலிருந்து இரண்டுக்குப் போக இரண்டு தட்டு வேண்டும். ஆனால் மூன்றிலிருந்து நான்குக்கு ஒரே தட்டுதான், நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. 'ஒரு கட்டை குறைச்சுக்கோ' என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டையிலிருந்து என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு தட்டு வரை ஏற்றி இறக்கினால் காது பெரிதாகக் கவனிக்காது. நான்கைந்து தட்டு என்றால் டிரம்ஸ் பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஆகிவிடும், கோரஸ் குரல்கள் பொம்மைக் குரலாக மாறும். ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது பெரும்பாலும் இந்த அளவு மாற்றம் தேவைப்படும். அப்போது ட்ராக்கைப் புதிதாக வாசித்து வாங்குவதுதான் சரி. கீபோர்டு வாசிப்பவர்கள் இதைச் செய்து கொடுக்கிறார்கள். செலவு இருக்கும், ஆனால் அந்த ட்ராக் உங்களுடையதாக இருக்கும்.

வீட்டில் காலையில் பாடிப் பார்த்து ஸ்ருதியை முடிவு செய்யவே கூடாது. கச்சேரியில் அது பன்னிரண்டாவது பாட்டாக வரலாம். பதினோரு பாட்டுப் பாடிய தொண்டைக்கு எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. கையில் நிஜ வாத்தியம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாடாவில் பதிவான பழைய பாடல்கள், நாடா ஓடிய வேகத்தைப் பொறுத்து, எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பது உண்டு. டியூனர் வைத்துப் பார்த்து, ட்ராக்கை நேராக்கிய பிறகுதான் புல்லாங்குழலோ ஹார்மோனியமோ அதோடு சேரும்.

சவுண்டில் நடக்கும் கூத்து

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லி நொடி தாமதம். கோயில் திடலில் ஸ்பீக்கரை 15 மீட்டர் தள்ளி, கூட்டத்தைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். பாடகருக்கு அந்த இசை 40 மில்லி நொடிக்கு மேல் தாமதமாக வந்து சேரும். அதைக் கேட்டுப் பாடினால், ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவருக்குக் குரல் தாளத்தை விட்டுப் பின்னால் போவது போலவே இருக்கும். பாடகருக்கு நேர் எதிரே, காலடியில் ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் பிரச்னை தீர்ந்தது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ப்ளூடூத் பற்றி ஒரு சந்தேகம் வரும். ட்ராக்கை ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பினால் தாமதம் தொல்லை தராது, ஏனென்றால் பாடுபவரும் அதே ஸ்பீக்கரைக் கேட்டுத்தான் பாடுகிறார். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காதில் ப்ளூடூத் இயர்பட் மாட்டிக்கொண்டு அதில் ட்ராக்கைக் கேட்டுப் பாடினால், அது நூறு, இருநூறு மில்லி நொடி பிந்தி வரலாம். ஒரு நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டே 500 மில்லி நொடிதான். கூடவே, பாதியில் இணைப்பு அறுந்து போகும் வாய்ப்பும், வேறு யாரோ ஒருவரின் போன் அதே ஸ்பீக்கரில் நுழைந்துவிடும் வாய்ப்பும் இருக்கின்றன. வயர்தான் பாதுகாப்பு.

இன்னொரு வேடிக்கை மோனோ. கிராமத்து ஸ்பீக்கர் செட்டுகள் பெரும்பாலும் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் ஒலிக்கும். பழைய 'குரல் நீக்கும்' மென்பொருள்களின் வேலை என்னவென்றால், ஒரு பக்கத்து ஒலியைத் தலைகீழாக்கி இன்னொரு பக்கத்தோடு சேர்ப்பது. நடுவில் இருக்கும் குரல் அப்போது ரத்தாகிவிடும். அப்படித் தயாரித்த ட்ராக்குகளில் சில, இரண்டு பக்கத்திலும் ஒன்றுக்கொன்று எதிரான ஒலியோடு இருக்கும். ஹெட்போனில் அருமையாகக் கேட்கும். மோனோ செட்டில் போட்டால் இசையே காணாமல் போகும்! 2019இல் வந்த ஸ்ப்ளீட்டர் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் மூலப் பாடகரின் எதிரொலி ஆவி போல அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், மெதுவான பாடல்களில் அது அப்பட்டமாகத் தெரியும். எந்த ட்ராக்காக இருந்தாலும் ஒருமுறை மோனோவில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குவதும் ரொம்பச் சாதாரணம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இறக்கியது, அளவு ஒன்றாகவா இருக்கும்? முழுப் பட்டியலையும் வரிசையாகக் கேட்டுச் சமன் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போனை நம்பலாமா?

நம்பலாம், ஏரோப்ளேன் மோடில். ட்ராக் போனுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். நேரடியாக யூடியூபில் ஓட்டினால் உருக்கமான சரணத்துக்கு முன்னால் விளம்பரம் வரும், அதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தைத் திரும்பப் பாட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம். அதே பட்டியல், அதே வரிசையில் இன்னொரு போனிலும் இருந்தால் நிம்மதி.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கலாம். பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் மின் இணைப்புதான். 'டிஐ பாக்ஸ்' என்ற சின்னப் பெட்டியை நடுவில் போட்டால் சரியாகும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. ஜாக், பின், மைக் வயர் முனைகளில் பச்சை பூத்து, தொட்டாலே கரகரவென்று சத்தம் வரும். மரக்காணம் பக்கம் வெளியில் பாடுபவர்கள் வயர்களைத் துடைத்து, மூடிய டப்பாவில் வைப்பதும், ஒரு உபரி வயர் கையில் வைத்திருப்பதும் நல்லது.

கரண்ட் போனால்? ஸ்பீக்கர் ஊமையாகும், போனில் ட்ராக் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் போட்டதும் திடீரென்று இரண்டாவது சரணத்தின் நடுவில் இசை வெடித்துக்கொண்டு வரும். கரண்ட் போன உடனே கை போக வேண்டிய இடம் போனின் நிறுத்து பட்டன். ஒவ்வொரு பாட்டிலும் பல்லவி, சரணம் தொடங்கும் இடங்களைக் குறித்து வைத்திருந்தால், விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம்.

கூட்டம் எப்போது ஏமாந்ததாக நினைக்கும்?

1989 ஜூலை 21ஆம் தேதி அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் மில்லி வனில்லி என்ற இரட்டையர் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது ட்ராக் சிக்கிக்கொண்டது. ஒரே வரியின் துண்டு திரும்பத் திரும்ப ஒலித்தது, அதில் ஒருவர் மேடையை விட்டே ஓடினார். அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பத்தில் இருந்தது அவர்கள் குரலே இல்லை என்பது 1990 நவம்பரில் வெளியானதும் விருது பறிக்கப்பட்டது. வாத்தியங்கள் பதிவில் வந்ததற்காக அவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. குரல் பொய்யானதுதான் பிரச்னை.

இன்னொரு பக்கம், 2015 ஜூலையில் எட் ஷீரன் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று இரவுகள் தனி ஆளாக நிகழ்ச்சி நடத்தினார். கையில் கிட்டார், காலடியில் லூப் பெடல். கிட்டாரைத் தட்டி ஒரு தாளத்தைப் பதிவு செய்வார், அது ஓடும்போதே அடுத்த அடுக்கை வாசிப்பார். முன்கூட்டியே செய்த ட்ராக்குக்கும் இதற்கும் வித்தியாசம், ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வந்தது என்று கூட்டம் கண்ணால் பார்ப்பதுதான். எல்லோருக்கும் லூப் பெடல் தேவையில்லை. ஆனால் கச்சேரியில் இரண்டு பாட்டாவது ட்ராக்கை அணைத்துவிட்டு வெறும் கிட்டாரோடோ சுருதிப் பெட்டியோடோ பாடினால், மற்றப் பாட்டுகளில் கேட்பதும் நிஜக் குரல்தான் என்பது தானாகப் புரிந்துவிடும்.

பட்ஜெட்டில் இன்னும் ஒரே ஒருவருக்கு இடம் இருந்தால், அது ரிதம் பேட் அல்லது தபலா வாசிப்பவராக இருக்கட்டும். கீபோர்டும் ஸ்ட்ரிங்ஸும் பதிவில் இருந்தால் கூட்டம் கண்டுகொள்வதில்லை. தாளக்காரர் மட்டும்தான் கூட்டத்தோடு பேசுகிறவர். ட்ராக்கோடு ஒட்டி வாசிக்க அவர் காதில் 'க்ளிக்' சத்தம் போக வேண்டும். அதற்காக இடது பக்கம் க்ளிக், வலது பக்கம் இசை என்று ட்ராக்கைப் பிரித்து வைப்பார்கள். கலவையில் க்ளிக் கூட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது சவுண்ட் சர்வீஸ்காரர் பொறுப்பு. கரோக்கி வந்த பிறகு வேலை குறைந்துபோன வாத்தியக்காரர்களில் ஒருவருக்காவது அன்றைக்குச் சம்பளம் கிடைக்கும் என்பதும் இதில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 மார்ச்சில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியம், தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருப்பதாகச் சொன்னது நினைவிருக்கும். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர்கள் உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வாங்கும் கரோக்கி ட்ராக்கும் ஓர் ஒலிப்பதிவுதான். கல்யாணம், அதையொட்டிய விழாக்கள், உண்மையான மதச் சடங்குகள் ஆகியவற்றில் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. கஃபே, ரிசார்ட் போன்ற வணிக இடங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. இசைப் படைப்புகளுக்கான உரிமத்தை ஐபிஆர்எஸ் அமைப்பு வழங்குகிறது. அட்வான்ஸ் வாங்கும்போதே உரிமம் யார் எடுக்கிறார்கள் என்று இட உரிமையாளரிடம் பேசிக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாசார நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். ட்ராக்கின் நீளம் நொடிக் கணக்கில் தெரியும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் கரோக்கிப் பாடகருக்கு வசதி. பட்டியலின் மொத்த நேரத்தைக் கூட்டி, பேச்சுக்கும் மாலை மரியாதைக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, கூட்டம் எதிர்பார்க்கும் பாட்டை 9.40க்குள் வருகிற மாதிரி வைத்துவிடலாம்.